ராவுத்தர் பேர் வெட்டிய அண்டா

மலாக்காவில், புக்கிட் காதிலில், என் மகன் வீட்டு வாசலில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. மருமகள் அதில் மண் கொட்டிச் செடி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தட்டிப் பார்த்து, இந்தக் கனம் இப்போதெல்லாம் எங்கே கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். அதன் கழுத்தில், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, பேர் வெட்டிய இடம் ஒன்று உண்டு. அந்த இடம் மறையும்படி நான் ஒரு பூந்தொட்டியை முன்னால் நகர்த்தி வைப்பேன். அண்டாவின் அழகு போகிறது என்று மருமகள் தொட்டியைத் தள்ளி வைப்பாள். மறுநாள் நான் திரும்பவும் நகர்த்துவேன். இப்படி மாமியாரும் மருமகளும் வாய் திறக்காமலே வருடக்கணக்காக ஒரு பூந்தொட்டியை இழுத்துக்கொண்டிருக்கிறோம். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

ஜப்பான்காரன் போன கையோடு, காஜா பெராங் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், என் வீட்டுக்காரரும் ராவுத்தர் அண்ணனும் கூட்டாக வாடகைப் பாத்திரத் தொழில் தொடங்கினார்கள். யுத்தத்தில் தள்ளிப்போன கல்யாணங்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்த காலம் அது. பித்தளையை விற்று மரவள்ளிக்கிழங்கு வாங்கித் தின்றிருந்த சனங்களிடம் விருந்து சமைக்கப் பாத்திரம் ஏது? இவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர். ராவுத்தர் அண்ணன் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்து, பண்டார் ஹிலிர் கடைகளில் உழைத்தவர். இவரைவிட வயதில் நன்றாக மூத்தவர். இவரைத் தம்பி என்பார், என்னைத் தங்கச்சி என்பார். தகரக் கொட்டகை ஒன்றைப் பிடித்து, அண்டா, தவலை, கரண்டி, கேஸ் விளக்கு, பந்தல் கால் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். பாத்திரம் துலக்குவது என் பங்கு. சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் என் விரல் நுனியைத் தின்றுவிட்ட வருடங்கள் அவை.

ராவுத்தர் அண்ணன் தங்கமான மனிதர் என்று சொல்லி முடித்துவிட்டால் அவருக்கே பிடிக்காது. மூக்குப்பொடி போடுவார், போட்ட கையை எங்கே வேண்டுமானாலும் துடைப்பார். ஒரு முழக் கயிறு தொலைந்தால் ஊரையே இரண்டாக்குவார். தேநீர் வாங்கித் தரும் நேரம் வரும்போது அவருக்கு எப்போதும் தொழுகை நினைவு வந்துவிடும். இவரே அதைச் சொல்லிக் கேலி செய்வார், அவரும் சிரிப்பார். ஆனால் பாத்திரம் என்று வந்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். திரும்பி வந்த ஒவ்வொரு அண்டாவுக்குள்ளும் தலையை விட்டு மோந்து பார்ப்பார். ஆள் வெளியே நிற்க, தலை மட்டும் உள்ளே போய், அங்கிருந்து குரல் வரும்: "தங்கச்சி, இதுல இன்னும் பெருங்காயம் இருக்கு." நான் திரும்பவும் புளியை எடுப்பேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு முறை இருந்தது. கோயில் பூசை, சைவக் கல்யாணம், விரதச் சாப்பாடு இவற்றுக்குப் போகும் பாத்திரங்கள் ஒரு பக்கம். ஆட்டுக்கறியும் பிரியாணியும் சமைக்கும் பாத்திரங்கள் இன்னொரு பக்கம். யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று தொடக்கத்திலேயே பேச்சு வந்தது. சைவப் பாத்திரத்தை இந்துவான இவர்தான் பார்க்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். ராவுத்தர் அண்ணன்தான் மாற்றிச் சொன்னார்.

"தம்பி, உன் கையிலேர்ந்து போனா ஒரு பயலும் கேக்க மாட்டான். நீயும் அசந்துடுவ. என் கையிலேர்ந்து போனா நாலு பேரு மோந்து பாப்பான். அந்தப் பயத்துல நான் ரெண்டு மடங்கு சுத்தமா வச்சிருப்பேன். சைவம் எங்கிட்ட இருக்கட்டும்."

அப்படியே ஆனது. சைவப் பாத்திரங்களின் கழுத்தில் தன் பேரின் முதலெழுத்தான 'ரா'வைச் சின்ன உளியால் புள்ளி புள்ளியாக அவரே வெட்டினார். கறிப் பாத்திரங்களில் இவர் பேரின் எழுத்து. ஒரு தடவை யார் வீட்டிலோ சைவ அண்டா ஒன்றில் பிளாச்சான் என்கிற இறால் விழுதைப் போட்டுச் சம்பல் கிண்டிவிட்டார்கள். எத்தனை துலக்கியும் எனக்கு வாசம் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. ராவுத்தர் அண்ணன் தலையை விட்டார், எடுத்தார், உளியைக் கொண்டுவந்து தன் எழுத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு வெட்டி, அந்த அண்டாவை இவர் பக்கம் உருட்டிவிட்டார். புதிதாக ஈயம் பூசினால் போதாதா என்று இவர் கேட்டார். "சட்டியத் துலக்கிடலாம் தம்பி. பேரைத் துலக்க முடியாது" என்றார் அண்ணன். அந்த வார்த்தையை நாங்கள் அப்புறம் வேடிக்கையாக எதற்கெல்லாமோ சொல்லுவோம்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்ற பேச்சு ஊரெல்லாம் கேட்டபோது, எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தால் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இருக்கப் போறியா, ஊருக்குப் போறியா. ராவுத்தர் அண்ணனுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளை முகம் தெரியும்போதே பார்த்துவிட வேண்டும் என்றார். இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முடிவில் கூட்டைப் பிரிப்பது என்று ஆனது.

மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்றார் ராவுத்தர் அண்ணன். அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கும்போது செய்கிற வழக்கம் அது. கூட்டாளிகளுக்கு அது எதற்கு என்று இவர் சிரித்தார். ராவுத்தர் அண்ணன் விடவில்லை, "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். கொட்டகைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். ஒரு பக்கம் சைவப் பாத்திரங்களும் கொட்டகை வாடகை உரிமையும். மறுபக்கம் கறிப் பாத்திரங்கள், கேஸ் விளக்குகள், பந்தல் கால்கள். மங்கிய கண்ணோடு, ஒவ்வொன்றையும் தடவித் தடவி எடுத்து வைத்தார். இரண்டு பக்கமும் எடை போட்டு வைத்ததுபோல் இருந்தது. இவர் கோட்டருகே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சைவப் பக்கம் போய் நின்றார். ராவுத்தர் அண்ணன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "நல்லதத்தான் எடுத்த" என்றார். தன் பங்கைப் பண்டார் ஹிலிரில் இருந்த சொந்தக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கல் வாங்கலில் ஒரு குறையும் இல்லை. அதில் மட்டும் நாங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கலாம்.

பிரிந்த பிறகு பார்த்தால், எங்கள் கொட்டகையில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் அவர் எழுத்துதான் இருந்தது. அது என்னவோ எனக்கு உறுத்தவில்லை. இவருடைய அக்காள் புருசன் ஒருநாள் வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல் அண்டாவைச் சுற்றிப் பார்த்தார்.

"மாப்ள, கூட்டுத்தான் பிரிஞ்சாச்சே. கோயில் சமையலுக்குப் போற சட்டில ராவுத்தர் பேரு இன்னும் எதுக்கு? நாளைக்கே எவனாவது போட்டிக்குக் கடை போட்டான்னா மொதல்ல இதத்தான் சொல்லுவான்."

ஒருவரும் கேட்டதில்லை. இத்தனை வருடத்தில் எந்தக் கோயில் காரியக்காரரும், எந்த வீட்டு அம்மாவும், எந்தச் சமையல்காரரும் அந்த எழுத்தைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. ஆனால் இவர் மனசில் அது விழுந்துவிட்டது. ஊருக்குப் போகிறவர் போகிறார், இங்கே இருந்து பிழைக்கப் போகிறவன் நான்தானே என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது நாடு, புதுச் சட்டம், நாளைக்கு எது எப்படி மாறுமோ என்ற கலக்கம் எல்லாருக்கும் இருந்த நேரம். பயந்தவனுக்குப் பார்த்ததெல்லாம் பேய். மதியம் சாப்பிட்டதும் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்டா உருளாமல் பிடிக்க ஆள் வேண்டும். நான் பிடித்தேன்.

வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னேன். "அவரு கப்பலேறிப் போகட்டுமே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வார்த்தை பாருங்கள். செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை, அவர் கண்ணில் படாமல் செய் என்றுதான் சொன்னேன். இவர் கேட்கவில்லை. அரம் பித்தளையில் ஓடும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. பொடி என் சேலை மடியில் மஞ்சளாக விழுந்து மின்னியது. எல்லாப் பாத்திரமும் முடிந்து, கடைசியாக இந்த அண்டாவில் 'ரா'வின் பாதியை அராவியிருந்தபோது, வாசலில் ஆள் வந்த சத்தம் கேட்டு இவர் அரத்தைச் சாக்குக்கு அடியில் தள்ளினார். நல்ல காரியம் செய்கிறவன் எதற்கு அரத்தை ஒளிக்க வேண்டும்?

வந்தவர் கம்போங் செட்டியிலிருந்து வரும் ஒரு மக்சிக்; வயதான அம்மாக்களை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம். மலாக்கா செட்டி மக்கள் நம்மைப்போல மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். திருவிழா விரதச் சாப்பாட்டுக்கு அவர் வருடா வருடம் எங்களிடம்தான் பாத்திரம் எடுப்பார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. வந்தவர் வழக்கம்போல அண்டாவின் கழுத்தைத் தடவினார். அடுத்ததைத் தடவினார். அதற்கடுத்ததையும் தடவிவிட்டு நிமிர்ந்தார்.

"மானா சாப் ராவுத்தர்?"

ராவுத்தர் முத்திரை எங்கே என்று கேட்கிறார். எல்லாம் அதே பாத்திரம்தான், பேர் மட்டும் மாற்றுகிறோம் என்று இவர் மலாயில் விளக்கினார். மக்சிக் தலையை ஆட்டினார், நம்பி ஆட்டியது மாதிரி இல்லை. தன் மாமியார் சொல்லிக் கொடுத்ததை எங்களுக்குச் சொன்னார். அந்தக் கடையில் 'டுவா ஓராங்', அதாவது இரண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு குறி இருக்கும், அதைப் பார்த்து எடு, அந்தச் சட்டி இறைச்சியையே கண்டிருக்காது என்று மாமியார் சொல்லி வைத்தாராம். எழுத்துத் தெரிந்த நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அப்போதுதான் பார்த்தேன். 'ரா' என்பது ஒரே மாதிரி இரண்டு ஆள் சேர்ந்து நிற்பது போலத்தான் இருக்கிறது. மக்சிக் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார். வரவில்லை.

எந்த எழுத்தைப் பார்த்து ஊர் விலகிப் போகும் என்று இவர் பயந்தாரோ, அந்த எழுத்தைத் தேடித்தான் ஊர் எங்களிடம் வந்துகொண்டிருந்தது. இவர் அன்று சாப்பிடவில்லை. என் மடியில் கிடந்த பொடியைத் தட்டிக் கூட்டி, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் காகிதத்தில் மடித்து வைத்தேன்.

இரண்டொரு நாளில் ராவுத்தர் அண்ணனே பெச்சா என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊருக்குப் போகுமுன் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு நேரம் சாப்பாடு போட வேண்டுமாம். "பிரியாணி போட்டா பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிடுவான். சாம்பாரு ரசம்தான். எல்லாரும் ஒரே வரிசைல உக்காரணும்" என்றார். "நம்ம அண்டாவக் குடு தம்பி. வாடகை தந்துடுறேன்." தேநீருக்கே காசு எடுக்காத மனிதர் வாடகை தருகிறேன் என்றதைக் கேட்டு, வேறு நாளாக இருந்தால் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

கண் தெரியாதே, கவனிக்க மாட்டார் என்று ஒரு நொடி எனக்கு ஆசை வந்தது. கண் தெரியாததால்தான் அவர் எல்லாவற்றையும் கையால் பார்த்தார். அவர் விரல் விளிம்பைத் தொட்டு, கீழே இறங்கி, அராவிய இடத்தில் நின்றது. அடுத்த பாத்திரத்திலும் நின்றது. கடைசியாக இந்த அண்டாவுக்கு வந்து, மிச்சமிருந்த ஒற்றைக் கோட்டை மேலும் கீழுமாகத் தடவினார். பெச்சாக்காரர்கூட ஏதோ புரிந்ததுபோல் வெளியே போய் நின்றார். இவர் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் ராவுத்தர் அண்ணனே சொல்லிவிட்டார்.

"ஈயம் பூசுறப்ப தேஞ்சிருக்கும் போல."

"ஆமாண்ணே" என்றார் இவர்.

ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தின் உள்பக்கத்தைத்தான் தேய்ப்பார். பேர் வெட்டுவது வெளிப்பக்கம். இது அந்தத் தொழிலை நடத்திய ராவுத்தர் அண்ணனுக்குத் தெரியாததா? இவருக்குத் தெரியாததா? நாள் முழுக்கத் துலக்கிய எனக்குத்தான் தெரியாததா? மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு பொய்யை, நாங்கள் தேடித் திணறிக்கொண்டிருந்தபோது, அவரே எடுத்து எங்கள் கையில் கொடுத்தார். நாங்களும் வாங்கிக்கொண்டோம். அவர் எங்களைத் திட்டியிருந்தால், உன் புத்தி இவ்வளவுதானா தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இவர் காலில் விழுந்திருப்பார். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. அவர் அண்டாவையும் மற்றப் பாத்திரங்களையும் பெச்சாவில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார். கயிறு பத்திரம் என்று என்னிடம் சொன்னார்.

விருந்துக்கு இவர் வரவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டார். நான் போனேன். எல்லாரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் காரியக்காரரும் இருந்தார், பள்ளிவாசல் ஆட்களும் இருந்தார்கள், கம்போங் செட்டி மக்சிக்கும் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பாத்திரத்தில் குறி இல்லை. பக்கத்தில் ராவுத்தர் நிற்கிறாரே, அது போதும் என்று மக்சிக் சாப்பிட்டிருப்பார். "தம்பி எங்க?" என்று அண்ணன் கேட்டார். தலைவலி என்றேன். "இஞ்சி தட்டிப் பத்துப் போடு. சூட்டுத் தலவலியா இருக்கும்" என்று சொல்லி, இவருக்கும் சேர்த்து ஒரு தூக்குவாளியில் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். அதை இவர் தொடவில்லை. தொடாமல் கொட்டவும் மனசில்லாமல் மறுநாள் வரைக்கும் வைத்திருந்தோம்.

பாத்திரங்கள் அதற்கடுத்த நாள் பெச்சாவில் திரும்பி வந்தன. நான் துலக்கினாலும் அப்படி வராது. பெருங்காய வாசம்கூட இல்லை, தலையை விட்டுத்தான் பார்த்திருப்பார். இந்த அண்டாவின் அடியில் ஒரு துணி முடிச்சு கிடந்தது. பிரித்தால், பேர் வெட்டும் சின்ன உளியும் அதற்கான சுத்தியலும். "தம்பிக்கு இனிமே இது தேவப்படும்னு சொல்லிக் குடுக்கச் சொன்னாரு" என்றார் பெச்சாக்காரர். அண்ணன் எப்போது கிளம்புகிறார் என்று இவர் கேட்டார். கப்பல் பிடிக்க அன்று காலையிலேயே சிங்கப்பூர் பஸ் ஏறிவிட்டார் என்று தெரிந்தது. இவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சுண்ணாம்புக் கோடு அழியாமல் கிடந்த தரையில் உட்கார்ந்து அழுதார். இவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை, நானும் அண்டாவைப் பிடித்த கைதானே என்று ஓரமாக நின்றேன்.

இவர் தன் பேரை அந்தப் பாத்திரங்களில் வெட்டவே இல்லை. உளி கடைசி வரைக்கும் மேசை இழுப்பறையில் கிடந்தது. பேரில்லாத பாத்திரங்களை வைத்துத் தொழில் கொஞ்ச காலம் ஓடியது. இறைச்சி சமைத்ததா, சமைத்ததா என்று வருகிறவர்கள் கேட்டபடியே இருந்தார்கள். இல்லை என்று சத்தியம் பண்ணினோம். அதற்கு முன் ஒருநாளும் நாங்கள் சத்தியம் பண்ண வேண்டி வந்ததில்லை. பிறகு அலுமினியம் வந்தது, எல்லாவற்றையும் எடைக்குப் போட்டோம். இதை மட்டும் இவர் கொடுக்கவில்லை. ராவுத்தர் அண்ணன் ஊரில் மௌத்தாகிவிட்டதாகப் பண்டார் ஹிலிர் சொந்தக்காரர் வந்து சொன்ன அன்று, இவர் அண்டாவின் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். இப்போது இவரும் இல்லை.

போன வாரம் பேத்தி, பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தவள், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மருமகள் தள்ளி வைத்த தொட்டியை நான் இன்னும் நகர்த்தியிருக்கவில்லை. பெண் குனிந்து, அராவிய இடத்தைத் தடவி, மிச்சமிருக்கும் ஒற்றைக் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"பாட்டி, இங்க என்னமோ எழுதி இருந்துச்சா? ஏன் அழிஞ்சு போச்சு?"

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கேட்பதற்கு ஒருத்தி வந்துவிட்டாள், இவ்வளவு காலம் கழித்து யாருக்கு என்ன நட்டம் என்றுதான் நினைத்தேன்.

"ஈயம் பூசுறப்ப தேஞ்சிருச்சும்மா" என்றேன்.